காஜியின் முன்னும் கோமாளியின் முன்னும்

மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் நகையையே முதலில் வைத்தார். அந்த நகை பிறக்கும் களன்கள் நான்கு எனவும் கண்டார். அவற்றுள் ஒன்று எள்ளல். அதற்கு உரை கண்ட பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரிக்கிறார்: நாம் பிறரை இகழ்ந்து சிரிப்பது ஒன்று, பிறர் நம்மை இகழும்போது நாமே சிரிப்பது மற்றொன்று. இவற்றுள் இரண்டாவதை நாம் பெருந்தன்மை என்று போற்றிப் பழகியிருக்கிறோம். அது எப்போதும் பெருந்தன்மைதானா, சில வேளைகளில் தந்திரமாகவும் இருக்குமா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்பும் வினா.

அரபு மொழியிலும் இத்தகைய பகுப்பு உண்டு. உள்ளத்தைப் புண்படுத்தாத விளையாட்டுப் பேச்சு ‘மிஸாஹ்’ எனப்படும். பிறரைத் தாழ்த்தும் ஏளனம் ‘ஸுக்ரிய்யா’ எனப்படும். முன்னது அனுமதிக்கப்பட்டது, பின்னதைத் திருமறையின் ஸூரத்துல் ஹுஜுராத் தடுக்கிறது. ஏறிச் செல்ல வாகனம் வேண்டிய ஒருவரிடம், ஒட்டகத்தின் பிள்ளையைத் தருவதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறினார்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று அவர் திகைத்தபோது, எந்த ஒட்டகம்தான் ஒட்டகத்துக்குப் பிறக்காதது என்று கேட்டு அவரை மகிழ்வித்தார்கள். விளையாட்டிலும் உண்மையையே உரைத்தார்கள் என்பது இந்நபிமொழியின் உயிர்நிலை. மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய்யுரைப்பவனுக்குக் கேடு என்று எச்சரித்ததும் அதே திருவாய்தான். ஆகவே, சிரிப்பு வந்ததா என்பதன்று நம் முன்னோர் கேட்ட கேள்வி. சிரிப்பின் அடியில் உண்மை நின்றதா, யார் தாழ்ந்தார் என்பவையே அவர்கள் கேட்டவை.

இவ்வளவுகோல்களைக் கையில் ஏந்திக்கொண்டு நாம் காணப்போவது, ஆட்சிப் பீடத்தை நாடி நிற்போர் நகைமேடை ஏறும் வழக்கத்தை.

கடல் கடந்த நாட்டில்

இவ்வழக்கம் வேரூன்றியது அமெரிக்க நாட்டில். அங்கே இரவு உணவுக்குப் பின், உறக்கத்துக்கு முன், தொலைக்காட்சியில் நகைச்சுவையாளர் ஒருவர் அமர்ந்து அன்றைய செய்திகளைக் கேலி செய்வார். விருந்தினரை அழைத்து உரையாடுவார். 1960ஆம் ஆண்டுத் தேர்தலில் கென்னடியும் நிக்ஸனும் இருவருமே ஜாக் பார் என்பவரின் நிகழ்ச்சிக்கு வந்தனர். 1968 செப்டம்பரில் நிக்ஸன், ‘லாஃப்-இன்’ என்னும் கேலி நிகழ்ச்சியில் சில விநாடிகள் மட்டும் தோன்றினார். அந்நிகழ்ச்சியில் வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு வேடிக்கைத் தொடரை வினாவாக மாற்றிக் கேட்டுவிட்டு மறைந்தார். கடுகடுத்த முகத்தினர் என்று பெயர் பெற்றிருந்தவர் ஒரு நொடியில் நம்மவராகிவிட்டார். எதிர்த்து நின்ற ஹம்ஃப்ரிக்கும் அழைப்புச் சென்றது, அவர் ஏற்கவில்லை. மிகக் குறைந்த வாக்கு வேறுபாட்டில் நிக்ஸன் வென்றார். அந்தச் சில விநாடிகளே வெற்றி தந்தன என்று கூறுவது மிகை. ஆயினும் அரசியலார் அன்று ஒரு பாடம் கற்றனர் என்பதை மறுப்பதற்கில்லை.

1992 ஜூன் மாதத்தில் பில் கிளிண்டன், ஆர்ஸெனியோ ஹால் என்பவரின் மேடையில் கறுப்புக் கண்ணாடியுடன் ஸாக்ஸஃபோன் ஊதினார். 2009 மார்ச்சில் ஒபாமா, பதவியில் இருக்கும்போதே இத்தகைய இரவு நிகழ்ச்சிக்கு வந்த முதல் அதிபரானார். அன்று தம் பந்துருட்டும் திறமையைத் தாமே கேலி செய்துகொள்ள முயன்று, மாற்றுத் திறனாளிகளின் விளையாட்டுப் போட்டிகளை உவமையாக்கிவிட்டார். பின்னர் அதற்காக வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. தன்னை எள்ளப் புகுந்தவர் தம்மினும் எளியவரை எள்ளியதாக முடிந்தது! மிஸாஹ் எங்கே முடிகிறது, ஸுக்ரிய்யா எங்கே தொடங்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

2016 செப்டம்பரில் ஜிம்மி ஃபாலன் என்பவர் டிரம்ப்பின் தலைமுடியைக் கலைத்து விளையாடினார். முஸ்லிம்கள் அந்நாட்டுக்குள் நுழைவதையே தடுக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் அறிக்கை விடுத்திருந்த வேட்பாளர் அவர். அந்த அறிக்கையைப் பற்றிய கேள்வியைவிட அந்த முடியே உலகம் முழுதும் பேசப்பட்டது. பலத்த கண்டனம் எழுந்தபின் ஃபாலன் அதற்காக வருந்தினார். முடி கலைந்ததால் வேட்பாளர் இழந்தது ஒன்றுமில்லை. அவர்மீது மக்களுக்கு இருந்த அச்சமே கலைந்தது.

நம் நாட்டில்

நம் தமிழகத்துக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. ஒரு வகையில் நாம் முன்னோடிகள் எனலாம். அங்கே வேட்பாளர் நகைமேடைக்குச் சென்றார். இங்கே நகைமேடையே வேட்பாளரிடம் வந்தது.

1957ஆம் ஆண்டுத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் நின்ற அண்ணாவுக்காகக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பேசிய பேச்சொன்றை முதியோர் இன்றும் சொல்லி மகிழ்வர். எதிர்த்து நின்றவர் ஒரு மருத்துவர். கலைவாணரோ பேச்சு முழுவதும் அம்மருத்துவரின் கைராசியையும் நற்பண்பையுமே புகழ்ந்தாராம். கூட்டம் திகைத்தது. இறுதியில், இத்துணை நல்ல மருத்துவரைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு நோய் வந்தால் என்ன செய்வீர்கள், அவரை உங்களுடனேயே வைத்துக்கொண்டு அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம். பழி தோன்றாமல் மறைத்துரைக்கும் அங்கதத்தைத் தொல்காப்பியம் பழிகரப்பு என்று வகைப்படுத்துகிறது. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையார், அவை நெய் பூசப்பட்டுப் பீலி சூடி மின்னுகின்றன என்று புகழ்வதுபோல் புகழ்ந்து, போர்க்களம் காணாதவை என்பதை உணர்த்தியதும் இவ்வகையே. இரண்டும் ஒரே காஞ்சி மண்ணைச் சார்ந்தவை. இரண்டிலும் எவரும் புண்படவில்லை. சொல்லப்பட்டதில் பொய்யும் இல்லை. இதனை மிஸாஹ் என்னலாம்.

கலைவாணர் 1957 ஆகஸ்டில் மறைந்தார். பதினோராண்டுகளுக்குப் பின், நிக்ஸன் லாஃப்-இன் நிகழ்ச்சியில் தோன்றிய அதே 1968ஆம் ஆண்டில், சோ ராமசாமி ‘முகமது பின் துக்ளக்’ நாடகத்தை மேடையேற்றினார். 1971இல் அவரே அதனைத் திரைப்படமாகவும் இயக்கி நடித்தார். 1970 பொங்கலன்று தாம் தொடங்கிய இதழுக்கும் ‘துக்ளக்’ என்றே பெயரிட்டார்.

கதை யாவரும் அறிந்ததே. பதினான்காம் நூற்றாண்டின் சுல்தானும் அவருடைய அவையில் இருந்த இப்னு பதூத்தாவும் கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வந்தவர்களாக இருவர் தோன்றுகின்றனர். சுல்தான் தேர்தலில் நின்று வென்று பிரதமராகிறார். கட்சி மாறி வந்தவர்களையெல்லாம் துணைப் பிரதமர்கள் ஆக்குகிறார். மொழிச் சிக்கலுக்குத் தீர்வாகப் பாரசீகத்தை ஆட்சிமொழி ஆக்குகிறார். உண்மையில் இருவரும் வேடதாரிகள். மக்களின் ஏமாளித்தனத்தை உணர்த்தவே வேடமிட்டவர்கள். ஆனால் உண்மையை வெளியிட வேண்டிய நாள் வந்ததும், பதவியின் சுவை கண்ட துக்ளக் மறுக்கிறான். உண்மை சொல்ல முனைந்த தோழனைத் துரோகியாக்கி மக்கள் கையாலேயே மாய்க்கிறான்.

இந்நாடகத்தின் முடிவு வலிமையானது என்பதை நாம் மனமுவந்து ஒப்புகிறோம். சிரிப்புக்காகப் பூண்ட வேடம் பூண்டவனையே விழுங்கிவிடும் என்னும் கருத்து, பிற்காலத் தமிழக அரசியலையே முன்னறிவித்ததுபோல் அமைந்துவிட்டது. முதல் மூன்று பங்கு வெறும் துணுக்குகளாகச் சிதறினும், இறுதிக் காட்சியில் ஆசிரியர் ஒரு பெரிய உண்மையைத் தொட்டுவிட்டார். ஆளுங்கட்சியை அஞ்சாது எள்ளிய துணிவும் பாராட்டத் தக்கதே.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மூடத்தனமான ஆட்சிக்கு ஓர் உருவம் வேண்டியபோது ஆசிரியரின் கை ஏன் அந்தப் பெயரை நாடியது? பள்ளிப் பாடநூல்கள் ஏற்கெனவே அச்சுல்தானைத் தலைநகர் மாற்றம், செப்பு நாணயம் என்னும் இரண்டு வரிகளுக்குள் அடக்கியிருந்தன. நாடகம் அந்த இரண்டு வரிகளைத் தமிழ் மரபுத்தொடராகவே மாற்றிவிட்டது. ‘துக்ளக் தர்பார்’ என்றால் இன்று சிறுவனும் சிரிக்கிறான். நாற்பது வயதைக் கடந்த படித்தவர்களிடமும், சுல்தானைப் பற்றி இதனைத் தவிர வேறு செய்தி இருப்பதில்லை. இதே அறுபதுகளில், 1964இல், கன்னடத்தில் கிரீஷ் கர்னாட் எழுதிய ‘துக்ளக்’ நாடகம் அதே மன்னனைக் கனவும் குரூரமும் பிணைந்த அவலத் தலைவனாகக் காட்டியது. அண்டை மொழியில் அவலமாகிய ஒருவர் நம் மொழியில் கோமாளியானார்.

மெய்யான இப்னு பதூத்தா கண்டது

நாம் சுல்தானுக்கு வெள்ளையடிக்க வரவில்லை. 1325 முதல் 1351 வரை ஆண்ட அவரைப் பற்றி, அவரால் தில்லியின் காஜிகளுள் ஒருவராக அமர்த்தப்பட்ட இப்னு பதூத்தாவே தம் ‘ரிஹ்லா’ நூலில் ஒளிவு மறைவின்றி எழுதியுள்ளார். கொடை கொடுப்பதிலும் குருதி சிந்துவதிலும் ஒருங்கே விருப்பம் கொண்டவர் என்பதே அவர் தரும் சித்திரம். தவ்லதாபாத்துக்கு மக்கள் விரட்டப்பட்டதும் அதில் வருகிறது. பின்னாளில் இப்னு பதூத்தா நம் தமிழ் மண்ணுக்கும் வந்தார். மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் அவருக்கு நெருங்கிய உறவினர். இருவரும் அக்காள் தங்கையை மணந்தவர்கள். ஆயினும் அம்மன்னன் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை அவர் கண்டித்து எழுதத் தவறவில்லை. நாடகத்து இப்னு பதூத்தா துணை வேடதாரி. மெய்யான இப்னு பதூத்தா உறவினன் என்றும் பாராது சாட்சி சொன்னவர்.

அவர் சாட்சி சொன்ன இன்னொரு நிகழ்ச்சியே நம் பொருளுக்கு இன்றியமையாதது. இந்துப் பிரமுகர் ஒருவர், தம் சகோதரனைக் காரணமின்றிக் கொன்றதாகச் சுல்தான் மீதே காஜியிடம் வழக்குத் தொடுத்தார். சுல்தான் படைக்கலம் ஏதுமின்றி நடந்தே மன்றத்துக்கு வந்தார். தாம் வரும்போது காஜி எழுந்து நிற்கலாகாது என்று முன்னரே சொல்லியனுப்பியிருந்தார். ஸலாம் கூறி, காஜியின் முன் நின்றார். தீர்ப்பு அவருக்கு எதிராக அமைந்தது. வழக்குத் தொடுத்தவரை அவர் மனநிறைவு செய்ய வேண்டியதாயிற்று. மற்றொரு முறை, தன்னைக் காரணமின்றி அடித்தார் என்று ஒரு சிறுவன் முறையிட்டான். சுல்தான் அச்சிறுவனின் கையில் தாமே கோலைக் கொடுத்து அடிக்கச் செய்தார். இருபத்தொரு அடிகள், சுல்தானின் தலைக்குல்லாய் விழுந்ததைத் தம் கண்ணால் கண்டதாக இப்னு பதூத்தா எழுதுகிறார்.

2016இல் ஒரு நகையாளர் வேட்பாளரின் முடியைக் கலைத்தார். அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட முன்காலத்தில் ஒரு சிறுவன் மன்னனின் குல்லாயை வீழ்த்தினான். இரண்டு தலைகளும் ஒன்றுபோல் கலைந்தனவா? முன்னது இசைவு பெற்ற விளையாட்டு, பின்னது தீர்ப்பு. அங்கே வேட்பாளர் நுழையும்போது அரங்கமே எழுந்து கைதட்டுகிறது. இங்கே காஜி எழக்கூடாது என்பது மன்னனின் சொல். நம் முழுக் கருத்தும் இவ்வேறுபாட்டில் அடங்கிவிடுகிறது.

பழைய அரசவையில் கோமாளி ஒருவன் இருந்தான். ஹாரூன் ரஷீதின் முன் பஹ்லூல் நின்றார் என்றும், அக்பரின் முன் பீர்பால் நின்றார் என்றும் கதைகள் வழங்குகின்றன. அவை கதைகளே ஆயினும் அவற்றின் அமைப்பை நோக்க வேண்டும். வேறெவரும் சொல்லத் துணியாததைக் கோமாளி சொல்வான், அரசன் நாணுவான். இன்று அந்த அமைப்புத் தலைகீழாகிவிட்டது. அரசனாக விரும்புவோன் கோமாளியின் இருக்கைக்கு அருகே தானே வந்தமர்ந்து, தன்னைப் பற்றிய கேலியைத் தானே சொல்லிவிடுகிறான். குற்றத்தைத் தானே சிரித்துக் காட்டியவனிடம் பிறகு எவர் அதைக் கேள்வியாகக் கேட்பர்? சிரிப்பு இங்கே விசாரணைக்கு மாற்றாகிவிடுகிறது. 1993இல் இந்தித் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஆப் கீ அதாலத்’ நிகழ்ச்சி இதற்கு நீதிமன்ற வடிவமே கொடுத்துவிட்டது. கூண்டு உண்டு, குற்றச்சாட்டு உண்டு, நீதிபதியும் உண்டு. தண்டனை மட்டும் இல்லை.

சிரித்தவர் யார், இழந்தவர் யார்?

2011ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் நகைச்சுவை நடிகர் வடிவேலு தி.மு.க.வுக்காக ஊர் ஊராகச் சென்றார். விஜயகாந்தைக் கேலி செய்வதே அவர் பேச்சின் பெரும்பகுதி. கூட்டம் கடல்போல் திரண்டது, சிரித்தது, வாக்கை வேறிடத்தில் போட்டது. தி.மு.க. 23 இடங்களே பெற, 29 இடங்கள் பெற்ற தே.மு.தி.க.வின் விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். வடிவேலுவோ பல ஆண்டுகள் திரைத்துறையில் வாய்ப்பிழந்து நின்றார். அங்கே ஒலித்தது கலைவாணரின் பழிகரப்பு அன்று. ஒரு மனிதரின் நடையையும் நாக்கையும் இகழ்ந்த ஸுக்ரிய்யா. பின்னர் விஜயகாந்த் நோயுற்றுச் சொல் குழறிய காலத்திலும் அச்சிரிப்புத் தொடர்ந்தது. 2023 டிசம்பரில் அவர் மறைந்தபோது, சிரித்த நாடே தேம்பியழுதது.

கமல்ஹாசன் 2017 முதல் ‘பிக் பாஸ்’ நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். 2018 பிப்ரவரியில் கட்சி தொடங்கியபின்னும் அப்பணியை விடவில்லை. வாரந்தோறும் இரவில், வீட்டுக்குள் அடைபட்டிருந்தோரின் சண்டைகளுக்குத் தீர்ப்பு வழங்கும் நடுவராகவும், இடையிடையே நாட்டு நடப்பைக் குத்திக்காட்டும் தலைவராகவும் ஒரே மேடையில் நின்றார். அங்கே விருந்தினர் வேட்பாளர். இங்கே விருந்தோம்புபவரே வேட்பாளர். 2021இல் கோவை தெற்கில் 1,728 வாக்குகளில் அவர் தோற்றார். தொலைக்காட்சிப் புகழ் வாக்காகாது என்று சிலர் இதனைக் கொண்டு வாதிடுவர். வெற்றி தோல்வியன்று நமக்குக் கவலை. கேள்வி கேட்கும் இருக்கையும் விடை சொல்லும் இருக்கையும் ஒன்றாகிவிட்டால், மக்கள் எந்த இருக்கையை நோக்கித் தம் முறையீட்டைச் சொல்வது என்பதே கவலை.

இதற்கு மறுப்பும் உண்டு. நகைமேடை தலைவனின் தலைக்கனத்தைக் குறைக்கிறது, செய்தித்தாள் படிக்காதவனும் வேட்பாளரை அறிகிறான், சிரிக்கத் தெரியாத ஆட்சியே கொடிய ஆட்சி என்பர். இறுதி வாதத்தை நாம் முழுமையாக ஏற்கிறோம். 2021 ஜனவரி முதல் நாளன்று, இந்தூரில் முனவ்வர் ஃபாரூக்கி என்னும் இளம் நகைச்சுவையாளர் சமய உணர்வைப் புண்படுத்தினார் என்ற குற்றச்சாட்டில் கைதானார். உச்சநீதிமன்றம் இடைக்காலப் பிணை வழங்கிய பிப்ரவரி வரை, ஒரு மாதத்துக்கும் மேலாகச் சிறையில் இருந்தார். தலைவன் கோமாளியாக வந்தால் மாலை. கோமாளி தலைவனைப் பற்றிப் பேசினால் விலங்கு! சிரிப்பு எந்தத் திசையில் அனுமதிக்கப்படுகிறது என்பதைக் கொண்டே ஒரு நாட்டின் நீதியை அளந்துவிடலாம்.

இதைச் சொல்லும்போது நம் முதுகையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் மஹல்லாக்களில் நிர்வாகத்தைப் பற்றிய சிறு கேலியையும் பொறாத முத்தவல்லிகள் இல்லையா? கணக்குக் கேட்டவனைக் குழப்பக்காரன் என்று ஒதுக்குவதில்லையா? திரைப்படங்களில் நம்மவர் உருவத்தையும் பேச்சையும் கொச்சைப்படுத்தியபோது, நாமும் கொட்டகையில் சேர்ந்து சிரித்தவர்கள்தாமே! ஆக, சிரிக்க வேண்டிய இடத்தில் சினந்தோம். சினக்க வேண்டிய இடத்தில் சிரித்தோம்.

ஆரணியில் வாழும் நமக்கு இவையெல்லாம் தொலைதூரச் செய்திகள் அல்ல. தேர்தல் காலத்தில் நெசவாளர் தெருவுக்கு வேட்பாளர் வருவார். வடை சுடுவதும், துணி தேய்ப்பதும் போல, தறியில் அமர்வதும் இன்று ஒரு காட்சி. ஒருமுறை அவ்வாறு வந்த ஒருவர், குழித்தறியில் காலை இறக்கி, மிதியைத் தாறுமாறாக மிதித்து, நாடாவை இழுத்துத் தள்ளினார். படம் எடுத்தனர், அவரும் சிரித்தார், தெருவே சிரித்தது. பட்டு நூல் விலையும் கூலியும், கைத்தறிக்கு ஒதுக்கிய ரகங்களை விசைத்தறி நெய்வதைத் தடுக்க 1985இல் இயற்றிய சட்டம் ஏன் காகிதத்தில் நிற்கிறது என்பதும் அந்தத் தெருவின் கேள்விகள். அவற்றைக் கேட்கத்தான் எல்லாரும் காலையிலிருந்து காத்திருந்தனர். சிரிப்பு ஓய்வதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அன்று மாலை அத்தறிக்காரர் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, அறுந்த பாவிழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டிருந்ததை நாம் கண்டோம். ‘நல்ல மனுஷன்தான் ஹஜரத், கூச்சமே இல்லாம பழகுறாரு’ என்றார் அவர், தலை நிமிராமல்.

நமக்கு மறுமொழி சொல்ல வாய் வரவில்லை. வீடு திரும்பும் வழியில் கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றிய வரலாறு நினைவுக்கு வந்தது. எல்லார்க்கும் பங்கிட்ட துணியில் ஒருவருக்கு இவ்வளவுதான் வரும். தங்கள் உடைக்கு மட்டும் எப்படிப் போதிய துணி கிடைத்தது, அதைச் சொல்லும்வரை தங்கள் பேச்சைக் கேளோம் என்று மிம்பரில் நின்ற கலீஃபாவையே ஒருவர் மறித்தார். உமர் (ரலி) அவர்கள் நகைத்து மழுப்பவில்லை. மகனை எழுப்பிச் சாட்சி சொல்ல வைத்தார்கள். தம் பங்கைத் தந்தைக்குக் கொடுத்ததை மகன் கூறிய பின்னரே பேச்சுத் தொடர்ந்தது.

துணியின் அளவு ஆரணிக்காரனுக்குத் தெரியாததன்று. ஒரு சேலைக்கு எத்தனை முழம், எத்தனை இழை என்பதை அவன் கண்ணை மூடிக்கொண்டே சொல்வான். மேடையில் நிற்பவனைப் பார்த்து அந்த அளவைக் கேட்கும் பழக்கமே அவனுக்கு வரவேண்டும். அவன் சிரிக்கட்டும், தாராளமாகச் சிரிக்கட்டும். சிரித்து முடித்தபின் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வேட்பாளரை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிட வேண்டாம்.